கப்பலைச் சோதிக்கிற சீருடைக்காரருக்குக் கப்பல் கம்பெனியில் என்ன வேலை?

இந்தியக் கடற்படையில் இருக்கும் ஒருவர் கேட்டது இதுதான்: அமெரிக்கக் கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல்படை, கப்பல் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் தன் அதிகாரிகளைச் சில மாதங்கள் கப்பல் கம்பெனிகளுக்கே பயிற்சிக்கு அனுப்புகிறதாமே, ராணுவத்தில் இருப்பவருக்கு எதற்கு இன்டர்ன்ஷிப்? நாளை யாரைச் சோதிக்கப் போகிறாரோ அவரிடமே இன்று போய்த் தொழில் கற்றுக்கொண்டால் அந்தச் சோதனை நேர்மையாக இருக்குமா?

இரண்டாவது கேள்விதான் கனமானது. ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் அதைத் தொட முடியாது.

நம் ஊர் ஏற்பாட்டை மனதில் வைத்துப் பார்த்தால் இது விசித்திரமாகத்தான் தெரியும். இந்தியாவில் வணிகக் கப்பல்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது கோஸ்ட் கார்டு இல்லை. அது டி.ஜி. ஷிப்பிங் என்ற மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகத்தின் வேலை. சென்னை, மும்பை, கொல்கத்தாவில் உள்ள மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் அலுவலகங்களிலிருந்து சர்வேயர்கள் வருவார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு காலத்தில் கேப்டனாகவோ சீஃப் இன்ஜினியராகவோ கப்பலில் வேலை பார்த்தவர்கள். இன்ஜின் ரூமுக்குள் நுழைந்ததும் ஜெனரேட்டர் சத்தத்திலேயே பாதி விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிடும். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே இங்கே யாருக்கும் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் தேவைப்படவில்லை. தொழிலில் இருந்துவிட்டுத்தான் சர்வேயர் ஆகிறார்கள்.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே கோஸ்ட் கார்டு என்பது ஆயுதப் படைகளில் ஒன்று. கடத்தல் படகைத் துரத்துவது, புயலில் மாட்டியவர்களை ஹெலிகாப்டரில் தூக்குவது, இவற்றோடு வணிகக் கப்பலின் கொதிகலனையும் லைஃப்போட்டையும் சோதிப்பதும் அதே சீருடைதான். இது திட்டம் போட்டு வந்த ஏற்பாடு இல்லை. நீராவிப் படகுகளின் கொதிகலன்கள் வரிசையாக வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1838-இலும் 1852-இலும் சட்டம் போட்டு, சிவிலியன் ஆய்வாளர்களை நியமித்தார்கள். அதற்குப் பிறகும் 1865-இல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகு வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1904-இல் நியூயார்க்கில் ஜெனரல் ஸ்லோகம் என்ற பயணிகள் கப்பல் எரிந்தபோதும் ஆயிரத்துக்கு மேல் சாவு. லைஃப் ஜாக்கெட்டின் கார்க் மக்கித் தூளாகியிருந்தது, தீயணைப்புக் குழாய் தண்ணீர் விட்டதும் கிழிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், சில வாரங்களுக்கு முன்புதான் ஆய்வாளர் அந்தக் கப்பலில் ஏறி எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். சீருடை போட்டாலும் போடாவிட்டாலும், பார்க்கத் தெரியாத ஆய்வும் பார்க்காத ஆய்வும் ஒன்றுதான்.

பிறகு இரண்டாம் உலகப் போர். 1942-இல் போர்க்கால நடவடிக்கையாக, கப்பல் ஆய்வு அலுவலகத்தை அப்படியே கோஸ்ட் கார்டின் கீழ் கொண்டுவந்தார்கள். 1946-இல் அது நிரந்தரமானது. ஆரம்பத்தில் பெரிய குறை தெரியவில்லை. பழைய அலுவலகத்தின் அனுபவசாலிகளும், வணிகக் கப்பல் லைசென்ஸ் வைத்திருந்தவர்களும் சீருடைக்குள் வந்திருந்தார்கள். அவர்கள் ஓய்வு பெறப் பெற அந்த அனுபவமும் கூடவே போயிற்று. ராணுவ வழக்கப்படி மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வேறு. ரோந்துக் கப்பலில் இருந்த இளம் லெப்டினன்ட் வர்ஜீனியாவில் யார்க்டவுன் பயிற்சி நிலையத்தில் ஆய்வுப் படிப்பை முடித்து, ஒரு துறைமுகத்தில் மூத்தவர்களுக்குப் பின்னால் நடந்து, ஒவ்வொரு தகுதியாகக் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பார். நன்றாகத் தேறும் நேரத்தில் மாற்றல் வந்துவிடும். கடல்சார் கல்லூரிகளில் படித்து லைசென்ஸ் வாங்கியவர்களை நேரடியாக அதிகாரியாக எடுக்கும் வழி இன்றும் இருக்கிறது. ஆனால் மொத்தத் தேவைக்கு அது போதாது.

2007-இல் இது வெளிப்படையாக வெடித்தது. கம்பெனிக்காரர்கள், ‘எங்களைச் சோதிக்க வருகிறவருக்கு எங்கள் கப்பல் புரியவில்லை’ என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்ப் புகார் சொன்னார்கள். இந்தப் பொறுப்பையே கோஸ்ட் கார்டிடமிருந்து எடுத்து வேறு சிவிலியன் அமைப்பிடம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் ஜேம்ஸ் கார்டு என்பவரிடம் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார்கள். அதையொட்டி வந்த சீர்திருத்தத்தில்தான் சிவிலியன் ஆய்வாளர்களைக் கூட்டுவது, ஒவ்வொரு கப்பல் வகைக்கும் தனி நிபுணத்துவ மையம் அமைப்பது, அதிகாரிகளைத் தொழில்துறைக்கு அனுப்புவதை விரிவாக்குவது எல்லாம் சேர்ந்தன. பயணிகள் கப்பலுக்கான மையம் ஃபுளோரிடாவில், திரவ எரிவாயுக் கப்பலுக்கானது டெக்சாஸில் போர்ட் ஆர்தரில், ஆற்றில் பார்ஜ் என்ற தட்டையான சரக்கு மிதவைகளைத் தள்ளும் படகுகளுக்கானது கென்டக்கியில் பதூக்காவில். பெயரளவு மையங்கள் இல்லை, அந்தந்தத் தொழில் புழங்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, அந்த இன்டர்ன்ஷிப் எப்படி நடக்கிறது? விருப்பமுள்ள அதிகாரிகள் விண்ணப்பிக்க வேண்டும், அவர்களில் சிலரைத் தேர்வு செய்வார்கள். பயிற்சி பொதுவாகச் சில மாதங்களிலிருந்து ஒரு வருடம் வரை போகும். அவர் பணியில் இருக்கும் அதிகாரியாகவே போகிறார், ஆகவே சம்பளம் அரசுடையது. கம்பெனி கொடுப்பது நாற்காலியும், உள்ளே நடப்பதைப் பார்க்கும் அனுமதியும்தான். முடித்துவிட்டு வந்தால் குறிப்பிட்ட காலம் பணியில் தொடர வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. கிளாஸ் சொசைட்டி (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அரசு சாரா அமைப்பு), பயணிகள் கப்பல் நிறுவனம், எரிவாயு, பார்ஜ் கம்பெனி, துறைமுக முனையம், இப்படிப் பல வகை இடங்கள். இது கோஸ்ட் கார்டு கண்டுபிடித்த புதுமையும் இல்லை. அமெரிக்க விமானப்படை 1947 முதலே தன் ஆட்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி வருகிறது. ஆனால் அங்கே போகிறவர் திரும்பி வந்து அந்தத் தொழிற்சாலைக்குச் சான்று கொடுக்கப் போவதில்லை. கோஸ்ட் கார்டுக்காரர் கொடுப்பார்.

அவர் அங்கே என்ன கற்றுக்கொள்கிறார் என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பம்ப் எப்படி ஓடுகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்பதைப் படிக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதை யார்க்டவுனிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். கம்பெனியில் மட்டுமே பார்க்கக் கிடைப்பது, ஒரு பழுது எப்படித் தள்ளிப்போடப்படுகிறது என்பது.

நான் கப்பல் தரப்பு ஆள். இன்ஜின் ரூமில் இருந்து பிறகு கரையில் டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட், அதாவது கம்பெனி சார்பில் கப்பலின் பராமரிப்பைக் கவனிப்பவர், மேஜைக்கு வந்தவன். அந்த மேஜையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். சீஃப் இன்ஜினியரிடமிருந்து மெயில்: இரண்டாம் நம்பர் ஜெனரேட்டரில் கூலர் கசிகிறது, தற்காலிகமாக அடைத்திருக்கிறோம், புதிய டியூப் வேண்டும். உதிரிபாகம் வர ஆறு வாரம் என்கிறான் சப்ளையர். கப்பல் அடுத்த வாரம் ஹூஸ்டன் போகிறது. சரக்கு ஏற்றும் தேதியைத் தவறவிட்டால் கப்பலை வாடகைக்கு எடுத்தவன் ஒப்பந்தத்தையே ரத்து செய்வான். மற்ற இரண்டு ஜெனரேட்டர் ஓடுகிறதே, போகலாம் என்று ஒரு முடிவு. இந்த முடிவு தனியாகப் பார்த்தால் தவறில்லை. பிரச்சினை, இதே மாதிரி பன்னிரண்டு முடிவுகள் ஒரே கப்பலில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும்போதுதான். கரையில் அந்த மேஜையில் இருக்கிறவனைத் தவிர அந்தப் பன்னிரண்டும் சேர்ந்து இருப்பது யாருக்கும் தெரியாது. சில நேரம் அவனுக்கும் தெரியாது.

துறைமுகத்தில் ஆய்வாளர் கப்பலில் இருப்பது சில மணி நேரம். அவருக்காக முந்தின இரவே டெக் கழுவியிருப்பார்கள், எமர்ஜென்சி ஃபயர் பம்பை மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருப்பார்கள், ஆயில் ரெக்கார்ட் புக்கில் கையெழுத்தெல்லாம் பக்காவாக இருக்கும். தீயணைப்பான்களில் தொங்கும் தேதிச் சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் அதிகாரியைக் கண்டு எங்களில் யாரும் பயப்படுவதில்லை. ‘உங்கள் மெயின்டனன்ஸ் சிஸ்டத்தில் தேதி தாண்டிய வேலைகளின் பட்டியலைக் காட்டுங்கள், அப்புறம் இன்னும் வந்து சேராத ஸ்பேர் ஆர்டர்களை வயது வரிசையில் போடுங்கள்’ என்று முதல் பத்து நிமிடத்தில் கேட்கிறவரைக் கண்டால் சீஃப் இன்ஜினியருக்கு வியர்க்கும். அப்படிக் கேட்கத் தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவையாவது அந்தப் பட்டியல் எப்படி நீள்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்க வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இருக்காது, ஏனென்றால் எந்தக் கம்பெனியும் இதை எழுதி வெளியே கொடுக்காது.

இதன் விலை என்ன என்பதற்கு எல் ஃபாரோ ஒரு சாட்சி. 1975-இல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல், 2015 அக்டோபர் 1 அன்று வாக்கீன் சூறாவளியில் பஹாமாஸ் அருகே மூழ்கியது. கப்பலில் இருந்த 33 பேரும் இறந்தார்கள். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தபோது, மெயின் இன்ஜினின் மசகு எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் எண்ணெய் மட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. அது தொட்டியின் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் தள்ளி இருந்தது, தொட்டியிலும் எண்ணெய் குறைவு. இன்ஜின் நின்றது. ஓடாத கப்பல் புயலில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. அந்தக் கப்பலின் ஆய்வில் பெரும் பகுதியை, அரசின் சார்பில் கிளாஸ் சொசைட்டியே செய்யும் ஒரு மாற்று ஏற்பாட்டில் நடத்தியிருந்தார்கள். கிளாஸ் சர்வேயர் சரியாகப் பார்த்தாரா என்று மேலே நின்று கவனிக்க வேண்டியது கோஸ்ட் கார்டு. அதற்கான பயிற்சியும் ஆளும் போதுமான அளவில் இல்லை என்று கோஸ்ட் கார்டின் சொந்த விசாரணைக் குழுவே எழுதியது. மற்றவரின் ஆய்வை மேற்பார்வை பார்க்க, அந்த ஆய்வு அவர்கள் அலுவலகத்தில் எப்படி நடக்கிறது, எந்தக் குறையை நிபந்தனையாகப் பதிகிறார்கள், எதை வாய்வார்த்தையில் விடுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். கிளாஸ் சொசைட்டியில் ஓர் அதிகாரியை ஒரு வருடம் உட்கார வைப்பதை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள் அந்த அறிக்கையைப் படிக்கலாம்.

இன்னொன்று, ஆய்வாளரின் வேலை பகலில். கப்பலின் வாழ்க்கை இரவிலும். 2019 செப்டம்பர் 2 அதிகாலை கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவுக்கருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். முத்துக் குளிப்பது போல ஆழத்தில் நீந்தப் போன விடுமுறைப் பயணிகள் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுக்க ஒருவர் விழித்துச் சுற்றி வர வேண்டும் என்பது சான்றிதழிலேயே இருந்த நிபந்தனை. யாரும் சுற்றவில்லை, சிப்பந்திகளும் தூங்கிவிட்டார்கள். பகலில் ஏறிய ஆய்வாளர் லைஃப் ஜாக்கெட்டை எண்ணலாம். அவசர வழி திறக்கிறதா என்று பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள் என்பதை எப்படிப் பார்ப்பார்? அந்த வகைப் படகில் ஒரு வாரம் பயணியாக அல்லாமல் சிப்பந்திகளோடு சிப்பந்தியாக இருந்தவருக்கு அது முதல் இரவே தெரிந்திருக்கும்.

பார்ஜ் தொழிலில் இது இன்னும் தெளிவு. மிசிசிப்பி, ஓஹையோ ஆறுகளில் ஒரு படகு, மூன்று வரிசையில் ஐந்தைந்தாகக் கட்டிய பதினைந்து பார்ஜ்களைத் தள்ளிக்கொண்டு போகும். கீழ் மிசிசிப்பியில் நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் பூட்டு மதகுகள் கிடையாது, அங்கே இதைவிடப் பெரிய கட்டுகள். ஒரு பார்ஜில் சுமார் 1,500 டன். அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டியிருப்பது இரும்புக் கயிறும் ராட்செட்டும். ஆட்கள் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று வாரக்கணக்கில் சுழல்வார்கள். ராத்திரி நேரத்தில் டார்ச்சோடு பார்ஜ்களின் விளிம்பில் நடந்து, ஒவ்வொரு வெற்று அறையிலும் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கும் டெக்ஹேண்ட் என்ற தளப் பணியாளர்தான் அங்கே முதல் பாதுகாப்பு அதிகாரி. கடல் கப்பலில் தேறிய ஆய்வாளருக்கு இது வேறு உலகம். ஆனால் 2016-இல் வந்த விதிகள், சப்சாப்டர் எம் என்பார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தப் படகுகளை முதல்முறையாக ஆய்வுக்குள் கொண்டுவந்தன. 2018-லிருந்து 2022 வரை படிப்படியாக எல்லாவற்றுக்கும் சான்று கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. இங்கே கோஸ்ட் கார்டு செய்த புத்திசாலித்தனமான காரியம், விதி வருவதற்கு முன்பே, 2009-இலிருந்து, தன் ஆட்களை அந்தப் படகுகளில் ஏற்றிப் பழக விட்டது. நான் பார்த்த அரசாங்க ஏற்பாடுகளில் விதிக்கு முன்னால் அறிவு வந்த அபூர்வமான உதாரணம் இது.

எரிவாயுவில் நேர்மாறு. 2015-இல் எல்.என்.ஜி. என்ற திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் முதல் கன்டெய்னர் கப்பல் அமெரிக்காவில் தண்ணீரில் இறங்கிவிட்டது. அத்தகைய எரிபொருளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2017 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவத்தைக் கப்பலுக்கு எரிபொருளாக நிரப்பும் வேலையை அறிந்தவர்கள் அப்போது கம்பெனிகளில்தான் இருந்தார்கள். அவர்களிடம் போகாமல் வேறெங்கே கற்பது?

இப்போது இரண்டாவது கேள்வி. அச்சம் நியாயமானதே. அமெரிக்காவிலேயே அதற்கு முன்னுதாரணம் உண்டு. கடலடி எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணித்த கனிம மேலாண்மை அமைப்பின் ஊழியர்கள் கம்பெனிகளிடம் பரிசும் விருந்தும் வாங்கியதை 2008-இலும் 2010-இலும் அரசின் சொந்தத் தணிக்கை அதிகாரியே அம்பலப்படுத்தினார். 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்த பிறகு அந்த அமைப்பையே உடைத்துப் பிரித்தார்கள். பரிசு விஷயத்தில் விதி கறாராகத்தான் இருக்கிறது: அமெரிக்க அரசு ஊழியர் ஒரு தரப்பிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், வருடத்துக்கு 50 டாலர் மதிப்புக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. மதிய உணவு வாங்கிக் கொடுத்தாலே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனால் உண்மையான ஆபத்து பிரியாணியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஒரு வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தால் அவர்கள் பேசும் பாஷை உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ‘இது நடைமுறைக்கு ஒத்து வராது’ என்ற வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வந்தபோது சந்தேகமாகக் கேட்டவர், மெதுவாகத் தானே அதைச் சொல்ல ஆரம்பிப்பார். இதற்கு விதிப்புத்தகத்தில் மருந்து இல்லை. என் கருத்தில் மூன்று விஷயங்கள் இதைக் கட்டுப்படுத்தும். சம்பளம் அரசிடமிருந்து வர வேண்டும், அது வருகிறது. திரும்பி வந்ததும் அதே கம்பெனியின் கப்பல்களுக்கு உடனே ஆய்வாளராக அனுப்பக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: உள்ளே பார்த்ததை அவர் கற்றுக் கொடுக்கிற இடத்தில், விதி எழுதுகிற இடத்தில், அல்லது அந்த வகைக் கப்பல்கள் குவிகிற துறைமுகத்தில் உட்கார வைக்க வேண்டும். அவருடைய அறிவு ஐம்பது இளம் ஆய்வாளர்களுக்குப் போனால், ஒரு கம்பெனியோடு அவருக்கு உள்ள நட்பு கரைந்துவிடும். மாறாக, எரிவாயுவில் ஒரு வருடம் இருந்தவரைத் திரும்பி வந்ததும் சம்பந்தமில்லாத மேஜைக்கு மாற்றினால் நட்பு மட்டும்தான் மிஞ்சும். மாற்றல் முறை மாறாதவரை இந்த ஆபத்து இருக்கும். போதுமான ஆய்வாளர்களே இல்லை என்பதை அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2022 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒருவரை ஒரு வருடம் விடுவிப்பதற்கே எந்தத் துறைமுகக் கமாண்டரும் முகம் சுளிப்பார்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு திட்டம் ஸ்கில்பிரிட்ஜ். அதுவும் ராணுவத்தினருக்குத் தொழில்துறை இன்டர்ன்ஷிப்தான், அதிகபட்சம் 180 நாள், சம்பளமும் அரசுதான். ஆனால் அது படையை விட்டு விலகப் போகிறவர்களுக்கு, கடைசி மாதங்களில். அங்கே கம்பெனிக்காரர் எதிர்கால முதலாளி. நலன் முரண்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், திரும்பி வருகிற அதிகாரியைவிட, நேற்றுவரை ஒரு கம்பெனியைச் சோதித்துவிட்டு இன்று அங்கேயே இன்டர்னாக உட்காருகிறவரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

கேட்டவர் இந்தியக் கடற்படையில் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார், அதனால் ஒரு வார்த்தை. இந்த அமெரிக்க ஏற்பாடு உங்களுக்குப் பொருந்தாது, அது அவர்கள் படையினருக்கு மட்டும். நம் நாட்டில் கடற்படையிலிருந்து வணிகக் கப்பலுக்கு மாறுவதற்கு, கடற்படைச் சேவையைக் கணக்கில் எடுத்து மேற்கொண்டு படிப்பும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் வழியை டி.ஜி. ஷிப்பிங் வகுத்திருக்கிறது. உங்கள் பிரிவு, பதவி, கடலில் இருந்த மாதங்கள் இவற்றைப் பொறுத்து எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பது மாறும். ஓய்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடல் சேவைக் கணக்கை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும்போது ஒரு நாளில் வாங்க முடிகிற காகிதத்துக்கு, வெளியே வந்த பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.